தட்டில் மிச்சம் விடாதவர்கள்

1. விடுப்புப் பார்க்கும் வேலை

நான் வான் ஓட்டி வாழ்ந்தவள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் சிலர் இன்றைக்கும் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அவர்களில் பாதிப் பேரை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனவளும் நான்தான்.

தொண்ணூறுகளில் ஒக்லாந்தில் தமிழ்ப் பெண் ஒருத்தி சுற்றுலா வான் ஓட்டினாள் என்றால், அது அநேகமாக நானாகத்தான் இருக்கும். பிளாக்ஹவுஸ் பேயில் வீடு. ஒனிஹங்காவில் வேலை. அங்கே துறைமுகத்துக்குப் போகிற தெருவில், ஒரு பழைய கம்பளிக் கிடங்கின் முற்றத்தில் எங்கள் முதலாளி கொலின் தன் வான்களை நிறுத்தி வைத்திருந்தார். பெரிய கொம்பனி இல்லை. அவர், நான், அவருடைய மச்சான், அவ்வளவுதான். எரிமலைக் குன்றில் ஏற்றி இறக்குவது, மேற்குக் கரையின் கறுப்பு மணலைக் காட்டுவது, பாலத்தைக் கடந்து ஒரு கோப்பி குடிக்க வைப்பது. பயணிகள் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்கு வெளியே ஓடியது. நான் மைக்கில் ஒப்புவித்ததையே ஒப்புவித்தேன். சில நாட்களில் என்ன சொல்லுகிறேன் என்பது எனக்கே கேட்காது. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், மனம் எங்கேயோ வெள்ளை முகில்களுக்குப் பின்னால்.

ஒருநாள் கொலின் வந்து சொன்னார். (இங்கே ஆங்கிலத்தில் பேசினவர்களையெல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.)

"மலர், மாங்கரேயில் ஒரு தெருச் சனங்கள் என்னைக் கூப்பிட்டார்கள். விமான நிலையத்திலிருந்து வருகிற உங்கள் வான்கள் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தானே போகின்றன, ஒருதரமாவது உள்ளே திரும்பினால் என்ன என்று கேட்கிறார்கள்."

"திரும்பி?"

"வீட்டுக்குள் போய் இருப்பது. தேத்தண்ணி குடிப்பது. கதைப்பது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு விடுப்புப் பார்ப்பது என்று பெயர். அதற்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. வேலி இடுக்கே போதும்.

ஆனால் அந்தத் தெருச் சனங்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அரசாங்கம் வாடகைக்கு விட்ட, மரப்பலகை அடித்த வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு அது. மாவோரிகள், சமோவாக்காரர், தொங்காக்காரர், நடுவில் ஒரேயொரு தமிழ்க் குடும்பம். பத்திரிகையில் அந்தப் பக்கத்தின் பெயர் வந்தால் களவு, சண்டை என்றுதான் வரும். "எங்களைப் பற்றி எல்லாரும் கதைக்கிறார்கள். எங்களோடு ஒருவரும் கதைப்பதில்லை" என்று தேவாலய மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து சொன்னார். அவர்தான் லோசா. சமோவாக்காரி. சபைப் பாடகர் குழுவின் தலைவி. மைக் அவருக்குத் தேவைப்படுவதில்லை.

அந்தக் கூட்டமே விதிகளையும் போட்டது. வானுக்குள் இருந்து படம் எடுக்கக் கூடாது. இறங்கி நடக்க வேண்டும். எதிர்ப்படும் ஆளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். எந்த வீட்டை எப்போது திறப்பது என்பதை அந்த வீட்டார்தான் சொல்வார்கள். பயணிகள் தருகிற காசு தெருவின் பொதுப் பணத்துக்குப் போகும். இப்போது இதற்கெல்லாம் படிப்பு வந்துவிட்டது, பொறுப்பான பயணம் என்று பெயரும் வந்துவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு பெயரும் தெரியாது. லோசாவின் குரல் மட்டும்தான் தெரியும்.

2. றெஜினாவின் ஆசை

அந்தத் தெருவின் தமிழ்க் குடும்பம் மன்னாரிலிருந்து வந்தது. றெஜினா, அவளுடைய கணவர் மரியதாஸ், இரண்டு பிள்ளைகள். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவள். இங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் கட்டில் விரித்தாள், குளியலறை கழுவினாள். லோசாவின் வீடும் அவளுடைய வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு பலகை வேலி. வருடக் கணக்காக இருபக்கமும் கையசைப்பதோடு சரி. ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் கால் வைத்ததில்லை.

கூட்டம் முடிந்து வரும்போது றெஜினா என் கையைப் பிடித்தாள்.

"மலர் அக்கா, என்ரை வீட்டையும் சேர்ப்பினமோ?"

"ஏன் சேராயினம்? ஆனா உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? கிடைக்கிற லீவே ஒரு சனிக்கிழமைதான்."

"நான் வந்த நாள் தொடக்கம் ஆரின்ரையோ கட்டிலைத்தான் விரிக்கிறன். என்ரை கதிரையிலை ஒரு வெளியாள் வந்து இருந்ததில்லை, அக்கா. ஒருநாளெண்டாலும் நான் வீட்டுக்காரியா நிக்க வேணும். வாங்கோ, இருங்கோ எண்டு சொல்ல வேணும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம். நான் மூக்கைச் சிந்துவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதற்பயணத்துக்குத் திட்டம் போட்டார்கள். காலையில் றெஜினா வீட்டில் ஒரு தேத்தண்ணி, கடிக்க ஏதாவது சின்னதாக. பிறகு கடற்கரையோரமாக ஒரு நடை. மதியம் லோசா வீட்டில் ஊமு. ஊமு என்றால் தரையில் கல்லைச் சுடவைத்து, இலை மூடி, சேம்பங்கிழங்கும் பன்றியும் மீனும் வேகவைக்கிற சமோவா அடுப்பு. அதோடு தேங்காய்ப்பாலைச் சேம்பிலையில் பொதிந்து அவிக்கிற ஒரு பண்டம். அதன் பெயர் பலுசாமி. முதன்முதலில் கேட்டபோது, யாரோ எங்கடை ஆள் சமைக்க வருகிறார் என்று நினைத்தேன்.

பயணத்துக்கு முதல்நாள் கொலின் ஒரு செய்தி சொன்னார். ஒரு ஹோட்டலில் விருந்தினருக்குச் சுற்றுலா ஒழுங்குசெய்யும் மிஸிஸ் பார்க்கர் தானும் வருகிறாராம். அவருக்குப் பிடித்தால் ஹோட்டல் கையேட்டில் எங்கள் தெருவின் பெயர் ஏறும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆள் வரும். எந்த ஹோட்டல் என்று கேட்டேன். றெஜினா வேலை செய்த அதே ஹோட்டல்.

றெஜினாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். செய்தியைச் சொன்னேன்.

"அவவுக்கு என்னைத் தெரியாது, அக்கா. கொரிடோரிலை எதிர்ப்பட்டா நான் வண்டிலோடை சுவர்ப்பக்கமா ஒதுங்குவன். அவ வண்டில் முட்டாமல் போகப் பாப்பா. என்ரை முகத்தைப் பாத்திருக்க மாட்டா."

"அப்ப நல்லதுதானே. ரீயைக் குடுத்து அனுப்பும்."

"ஓம், ஓம். ரீ மட்டும்தான்" என்றாள் றெஜினா.

எங்கள் ஆட்கள் இரண்டு தரம் ஓம் சொன்னால் அதில் ஒன்றையும் நம்பக் கூடாது.

3. வெறுந்தட்டு

மாசி மாதத்துச் சனிக்கிழமை. இந்த நாட்டில் அது கோடை. மரமெல்லாம் சில்வண்டு இரைந்தது. வெயில் ஒரு மஞ்சள் துணியைப் போல வீடுகளின் மேல் கிடந்தது. விமானங்கள் கூரைகளுக்குப் பக்கமாக மெல்ல இறங்கின. ஒவ்வொன்றின் நிழலும் தெருவைக் கடந்து போகும்போது சில்வண்டுகள் ஒரு கணம் நிறுத்திப் பிறகு தொடங்கின. என் வானுக்குள் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஒரு டச்சுக் கணவன் மனைவி, இங்கிலாந்தின் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர், இன்னும் இரண்டு பேர், முன் இருக்கையில் மிஸிஸ் பார்க்கர். எல்லாரிடமும் கொலின் அச்சடித்துக் கொடுத்த அறிவுரைத் தாள் இருந்தது. 'வீட்டார் தருவதை மறுக்காதீர்கள். தட்டில் மிச்சம் விடாதீர்கள், அது அவர்களை அவமதிப்பது' என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. கொலின் நல்ல எண்ணத்தில்தான் போட்டார். எங்களோடு இத்தனை காலம் பழகியும் அவருக்கு எங்களைத் தெரியவில்லை.

கதவைத் திறந்ததும் எனக்கு வாசனை சொல்லிவிட்டது. இது ரீ இல்லை.

மேசை தெரியவில்லை. இடியப்பம், சொதி, நண்டுக் கறி, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், சம்பல். ஒரு பக்கத்தில் கடிக்க றோல்ஸும் பற்றிஸும். மூலையில் இனிப்புக்கு வட்டிலப்பம். றெஜினா மாம்பழ நிறச் சேலையில் நின்றாள். மரியதாஸ் கோட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ, வாங்கோ. இருங்கோ" என்று றெஜினா முதலில் தமிழில் சொன்னாள். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் அவளைக் குசினிக்குள் இழுத்தேன். "என்ன விசர் வேலை இது? மத்தியானம் லோசா வீட்டிலை சாப்பாடு இருக்கெல்லோ!"

"வீடு தேடி வந்தவைக்கு வெறும் ரீயோ, அக்கா? மாதாவே, என்ரை மானம் என்னாகிறது? கொஞ்சம் கொஞ்சம்தான் வைப்பன்."

கொஞ்சம்தான் வைத்தாள். பயணிகள் தாளில் சொன்னபடி மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். தட்டு வெறுமையானது. எங்கள் வீடுகளில் வெறுந்தட்டுக்கு ஒரே பொருள்தான்: இன்னும் வேணும். றெஜினா மறுபடி வைத்தாள். அவர்களுடைய பண்பாட்டில் வைத்ததை விடுவது அவமதிப்பு. சாப்பிட்டார்கள். தட்டு மறுபடி வெறுமை. ஐயோ, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை எப்படிச் சொல்வேன்! இரண்டு மரியாதைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. நடுவில் அகப்பட்டது அந்தச் சனங்களின் வயிறு.

டச்சுக்காரரிடம் குனிந்து, "கையால் தட்டை மூடுங்கள், அதுதான் போதும் என்பதற்கு அடையாளம்" என்று சொன்னேன். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மிஸிஸ் பார்க்கரைப் பார்த்தார்.

"பரவாயில்லை மலர், எங்களுக்கு முறை தெரியும்" என்றார் மிஸிஸ் பார்க்கர். நண்டுக் காலை உடைக்கத் தெரியாமல் உடைத்துக்கொண்டிருந்தார். "நீங்கள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டீர்களா?" என்று றெஜினாவைக் கேட்டார்.

"நாங்கள் பிறகு" என்று றெஜினா சிரித்தாள். விருந்தினர் கை கழுவி எழும்புமுன் வீட்டுக்காரி சாப்பிடுவதா? அவள் விடியற்காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள்.

வெளிக்கிடும்போது மிஸிஸ் பார்க்கர் றெஜினாவின் இரண்டு கையையும் பிடித்து, "எவ்வளவு அருமையான வீட்டுக்காரி நீங்கள்" என்றார். அவளை அடையாளம் தெரியவேயில்லை. றெஜினாவின் முகத்தில் அன்றைக்கு வந்த ஒளியைப் பிறகு அவளுடைய மகளின் கலியாணத்தில்தான் கண்டேன்.

4. உண்ட மயக்கம்

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். டச்சுக்காரனுக்கும் உண்டு.

கடற்கரையோரப் பாதையில் அவர்கள் நடந்தது நடை இல்லை, மிதப்பு. மனுக்காவ் குடாவில் வற்று. தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, சேறு கண்ணாடிபோல வானத்தைப் பிடித்து வைத்திருந்தது. முகில்கள் காலடியில் போயின. கண்டல் மரங்களுக்கு இடையில் ஒரு நீண்ட கால் பறவை அசையாமல் நின்றது. மறுகரையில் ஒனிஹங்காவின் கிடங்குகள் வெயிலில் ஆடித் தெரிந்தன. காற்று ஒருதரம் மாறி, கழிவுநீர்க் குளங்களின் வாடையைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனது. அதற்கும் ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. சுளிக்கவும் சக்தி இல்லை.

டச்சுக்காரர் புல்லில் சாய்ந்தார். உடனே நித்திரை. ஆசிரியைகள் மரத்தடியில் தோளில் தோள் சாய்த்து இருந்தார்கள். மிஸிஸ் பார்க்கர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் கழற்றியதே தெரியாதவரைப் போல நின்றார். ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேலால் சத்தமே இல்லாமல் போனதாக எனக்கு ஞாபகம். சத்தம் இல்லாமல் எப்படிப் போகும்? ஆனால் என் ஞாபகத்தில் அப்படித்தான் போகிறது.

இத்தனை வருட ஓட்டத்தில் பயணிகள் எதையும் படம் எடுக்காமல், ஒன்றையும் கேட்காமல், ஒரு இடத்தில் சும்மா இருந்தது அந்த ஒருதரம்தான். மைக் வானுக்குள்ளேயே கிடந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு அந்தச் சேற்று வானத்தைப் பார்த்தேன். இந்த ஊருக்கு வந்து, இந்த ஊரை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா! லோசாவின் ஊமு மட்டும் ஞாபகத்துக்கு வராமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

5. லோசாவின் பாய்

லோசாவின் பின்வளவில் பாய்கள் விரித்திருந்தார்கள். கல்லின் மேலிருந்து இலையை உரித்ததும் ஆவி பொங்கி எழுந்து, நின்றவர்களின் முகங்களை மறைத்துப் பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தது. சொந்தக்காரர்கள் விடியமுன்னமே வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். எல்லாருமாகச் செபப் பாட்டுப் பாடினார்கள். நான்கு குரலில் பாடினார்கள். மயிர் கூச்செறிந்தது.

பிறகு தட்டுகள் வந்தன. பயணிகள் பார்த்தார்கள். தட்டுகளும் அவர்களைப் பார்த்தன.

வீட்டார் ஒருவரும் உட்காரவில்லை. அவர்களுடைய முறையும் எங்களுடையதுதான், விருந்தாளி முதலில். கையில் ஓலை விசிறியோடு ஈ ஓட்டிக்கொண்டு காத்து நின்றார்கள். ஒரு ஆசிரியை கிழங்கில் நகத்தளவு கிள்ளி வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். டச்சுக்காரரின் முகம் பலுசாமியின் நிறத்துக்குப் போனது. மிஸிஸ் பார்க்கர், "மன்னிக்க வேண்டும், கொஞ்சம் பொறுத்து..." என்றார்.

லோசா என்னை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மலர், எங்கள் கையால் சமைத்தது இவர்களுக்கு ஆகாதா?"

"இல்லை லோசா, அப்படியில்லை. பக்கத்து வீட்டில்... ரீ கொஞ்சம் கூடிப்போச்சு."

அவர் வேலியைப் பார்த்தார். அந்தப் பக்கமிருந்து கறிவாசனை இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது.

"எல்லாரும் சேர்ந்து தானே திட்டம் போட்டோம்? அவள் எனக்கு ஏன் இதைச் செய்தாள்? என் சனம் நித்திரை கொள்ளாமல் செய்த சாப்பாடு இது." கொஞ்சம் நின்று சொன்னார்: "அவள் வீடு இந்தப் பயணத்தில் இருந்தால், என் வீடு இருக்காது."

அந்தத் தெருவில் லோசா இல்லாமல் ஒன்றும் இல்லை. அதாவது இனிப் பயணத்தில் றெஜினா வீடு இல்லை. ஒருநாள் வீட்டுக்காரியாக நின்றவள் அத்தோடு சரி.

நான் விறுவிறென்று சுற்றிக்கொண்டு றெஜினா வீட்டுக்குப் போனேன். நல்ல ஏச்சு நாக்கில் இருந்தது. அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பாத்தியளோ! ஒரு தட்டிலையும் மிச்சமில்லை! பார்க்கர் அம்மா நாலுதரம் வாங்கினவ!"

ஏச்சு எங்கே போனதோ தெரியாது. ஆனாலும் சொல்லத்தானே வேண்டும். சொன்னேன். அங்கே தட்டுகள் அப்படியே கிடக்கின்றன, சனம் அப்படியே நிற்கிறது, லோசா இப்படிச் சொல்லுகிறார்.

றெஜினா குழாயைப் பூட்டினாள்.

"சமைச்சது அப்பிடியே கிடக்குதோ?"

"கிடக்குது."

"அந்தச் சனம் பாத்துக்கொண்டு நிக்குதோ?"

"நிக்குது."

"ஐயோ, கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்தாள். சமைத்தவளுக்குத்தான் அது தெரியும். அவளுக்கு லோசாவின் கோபம் முக்கியமாகத் தெரியவில்லை, அந்தத் தொடாத தட்டுகள்தான் தெரிந்தன. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "நான் இன்னும் சாப்பிடேல்லை, அக்கா. இவரும் சாப்பிடேல்லை, பிள்ளையளும் இல்லை."

"அதுக்கு?"

"நான் போய்ச் சாப்பிடுறன்."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கேட்டுச் சாப்பிடுவது! அழையாத வீட்டுக்குப் போய், பசிக்குது சோறு தா என்று கேட்பது. எங்கள் ஆட்கள் பட்டினி கிடந்து சாவார்கள், அதைச் செய்ய மாட்டார்கள். அதுவும் மிஸிஸ் பார்க்கருக்கு முன்னால். "எவ்வளவு அருமையான வீட்டுக்காரி" என்று கை பிடித்த மனுசிக்கு முன்னால்.

"றெஜினா, அவ இருக்கிறா."

"இருக்கட்டும்."

தெருவால் சுற்றிக்கொண்டு முன்வாசலால்தான் போனாள். செருப்பைக் கழற்றினாள். அந்த மாம்பழச் சேலையோடு, எல்லாரும் பார்க்க, பாயில் சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். லோசா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எனக்குப் பசிக்கிறது" என்றாள் றெஜினா. ஆங்கிலத்தில்தான் சொன்னாள். "இவர்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு நான் இன்னும் சாப்பிடவில்லை. நான் செய்தது பிழை. எனக்குச் சாப்பாடு தருவீர்களா?"

ஒரு விசிறியும் அசையவில்லை. லோசா நிலத்தைப் பார்த்தார், றெஜினாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் குனிந்து ஒரு தட்டை அவளுக்கு முன்னால் வைத்தார். கிழங்கு, மீன், ஒரு முழுப் பலுசாமி.

றெஜினா கையால் சாப்பிட்டாள். நாகரிகத்துக்குக் கொறிக்கவில்லை. பசித்தவள் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டாள். பலுசாமியை வாயில் வைத்ததும் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்து, "அக்கா, இது எங்கடை கீரையும் தேங்காய்ப்பாலும்!" என்று தமிழில் கத்தினாள். நான் மொழிபெயர்த்தேன். லோசாவின் உதடு ஒரு பக்கமாக நெளிந்தது. தட்டு வெறுமையானது. லோசா ஒன்றும் கேட்காமல் மறுபடி வைத்தார்.

"நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள் றெஜினா.

"எப்படிச் சாப்பிடுவது? விருந்தாளிகள் இருக்கிறார்களே."

"அப்ப உங்களுக்கும் பசிதானே?"

லோசா சிரிக்கத் தொடங்கினார். அது வயிற்றுக்குள்ளிருந்து வரும் சிரிப்பு, வளவு முழுக்கப் பரவியது. அப்படியே பாயில் அமர்ந்து றெஜினாவின் தட்டிலிருந்தே ஒரு துண்டு மீன் எடுத்தார். ஆரோ போய் மரியதாசையும் பிள்ளைகளையும் கூட்டி வந்தார்கள். மரியதாஸ் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். வேலிக்கு இரண்டு பக்கத்து வீட்டாரும் ஒரே பாயில் இருந்து, விருந்தாளிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு, பசிதீரச் சாப்பிட்டார்கள். பயணிகள் அதை ஆவிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மிஸிஸ் பார்க்கர் முன்னால் சாய்ந்து கேட்டார். "உங்களை எங்கேயோ... நீங்கள் எங்கள் ஹோட்டலில்..."

றெஜினா வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"ஓம். திங்கட்கிழமை நான் உங்கள் மேல்மாடியில் கட்டில் விரிப்பேன். இன்றைக்கு நான் இவர்களின் பக்கத்து வீட்டுக்காரி" என்றாள்.

மிச்ச நேரம் முழுக்க மிஸிஸ் பார்க்கர் றெஜினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

6. படிப்பித்தது

ஹோட்டல் வேண்டாம் என்று எழுதிவிட்டது. விருந்தினரில் சிலர் மறுநாள் படுக்கையை விட்டு எழவில்லையாம். நியாயம்தான். கொலின் தாளை மேசையில் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

பயணம் அதோடு நிற்கவில்லை. போய் வந்தவர்கள் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்தவர்கள் வந்தார்கள். கொலினின் தாளிலிருந்து அந்தத் தடித்த எழுத்து போனது. தெரு புதிதாக ஒரு விதி போட்டது: வீட்டார் உட்கார்ந்த பிறகுதான் விருந்தினர் கை நனைக்க வேண்டும். இரண்டு பண்பாட்டுக்கும் அது எதிரான விதி. இரண்டு வீட்டாரும் முகம் சுளித்துக்கொண்டே பழகினார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், என்ன படித்தீர்கள் என்று. ஒன்றைத்தான் படித்தேன். ஒரு தெருவை ஊருலகத்துக்குத் திறந்து காட்டப் போகிறாயா, முதலில் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் போக்குவரத்து இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் நீ காட்டுவது வேறு வேறு வீடுகளை, தெருவை அல்ல. வரைபடத்தில் இது தெரியாது. யார் யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால் தெரியும்.

ஹோட்டலின் பதில் வந்த சனிக்கிழமை நான் அந்தத் தெருவுக்கு வெறும் வானோடு போனேன். றெஜினாவிடம் எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை. வீட்டுக்குள் போனால் லோசா குசினியில் நின்று இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டிருக்கிறார். அந்தக் கைக்கு உரல் உடையாமல் இருந்ததே பெரிது.

"இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை, றெஜினா. இனி வரவும் மாட்டினம் போலை."

"அதுக்கென்ன, அக்கா? இவ வந்திருக்கிறாவே" என்றாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. மிஸிஸ் பார்க்கர். தன்னந்தனியாக வந்திருந்தார். சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார்.

"வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். எழுத வேண்டியிருந்தது" என்றார். "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. உள்ளே வரலாமா?"

றெஜினா அவரைப் பார்த்தாள். முதலாளி வீட்டுப் படியில் நிற்பதுபோல அவர்தான் நின்றார். றெஜினா சிரிக்கவுமில்லை, ஒதுங்கவுமில்லை.

"வாங்கோ. இருங்கோ" என்றாள்.

அலுமாரியைத் திறந்து தட்டுகளை எடுத்தாள். மிஸிஸ் பார்க்கருக்கு ஒன்று, லோசாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வைத்தாள். பிறகு தனக்கும் ஒன்று வைத்தாள். கதிரையை இழுத்து, எங்கள் எல்லாருக்கும் முதல் ஆளாக உட்கார்ந்தாள்.